லோரி வந்த தேதி என்ன?

● எங்கள் பழைய தோட்டத்து லயத்துக்குப் பின்னால் ராத்திரியில் யாரோ நீல டிரம்களை இறக்கிவிட்டுப் போகிறார்கள். வழக்குப் போட எத்தனை நாள் அவகாசம்? (வாசகி, சுங்கை சிப்புட்)

யார் மீது போடப்போகிறீர்கள், அம்மா? அதைச் சொன்னால்தான் நாளைச் சொல்ல முடியும். கொட்டிய கம்பெனி மீதோ நிலத்துக்காரர் மீதோ நஷ்டஈடு கேட்டால், 1953-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி 6 ஆண்டு. கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்கள் என்று நகராண்மைக் கழகத்தையோ அரசுத் துறையையோ இழுத்தால், பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 1948 குறுக்கே வந்து நிற்கும். அங்கே 36 மாதம்தான். நஷ்டஈடு வேண்டாம், அந்த அதிகாரி எடுத்த முடிவே தப்பு, அதை ரத்து செய்யுங்கள் என்று உயர் நீதிமன்றத்தில் சீராய்வு கேட்டால் 3 மாதம். டிரம் ஒன்று, கடிகாரம் மூன்று. அரசாங்கத்தைத் தொடும் இரண்டு கடிகாரமும் மற்றதைவிட வேகமாக ஓடுவதைக் கவனித்தீர்களா? சட்டம் எழுதுகிறவருக்கு அந்தச் சலுகைகூட இல்லாவிட்டால் எப்படி!

● 3 மாதமா? அதற்குள் அந்த ஆபிஸிலிருந்து ‘உங்கள் கடிதம் கிடைத்தது’ என்ற பதில்கூட வராதே! (வாசகர், புந்தோங்)

வராது. ஆனாலும் நாள் ஓடும். இதற்கே சந்தோஷப்படுங்கள், 2012-ல் புதிய நீதிமன்ற விதிகள் வருவதற்கு முன் அது 40 நாளாக இருந்தது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் நீதிபதி நீட்டித்துத் தரலாம் என்று அந்த விதிகளின் 53-ஆம் ஆணையிலேயே இருக்கிறது. ‘பதில் வரும் என்று காத்திருந்தேன்’ என்பது தக்க காரணமா என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

அதிகாரி முடிவே எடுக்காமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதையும் சீராய்வில் கேட்கலாம். சிக்கல் என்னவென்றால், மௌனத்துக்குத் தேதி கிடையாது. தேதியை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். ‘இன்னின்ன இடத்தில் இன்ன கழிவு கிடக்கிறது, 14 நாளுக்குள் நடவடிக்கை எடுங்கள், எடுக்காவிட்டால் மறுத்துவிட்டதாக எடுத்துக்கொள்வேன்’ என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். கடிதத்தின் நகலைவிடத் தபால் சீட்டுதான் முக்கியம். அதைப் பூஜை அறையில் வைத்தாலும் தப்பில்லை.

● இரண்டு வருஷமாக மனு மேல் மனு கொடுத்துவிட்டோம். ஒய்பி நேரில் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு படமும் எடுத்துக்கொண்டார். பத்திரிகையிலும் வந்தது. வழக்குப் போட்டால் இதெல்லாம் கணக்கில் வருமா? (ஓய்வுபெற்ற தண்டல், சிம்மோர்)

தண்டல் ஐயா, பிரட்டு முடிந்து பேர் கூப்பிட்ட பிறகு ஓடிவந்து, ‘நேற்று ராத்திரியே கிராணியிடம் சொல்லிவிட்டேனே’ என்று ஒருவன் நின்றால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? அரைப் பேர்கூடப் போட்டிருக்க மாட்டீர்கள். நீதிமன்றமும் அப்படித்தான்.

நம் ஆட்களிடம் ஊறிப்போன ஒரு நம்பிக்கை இது. மனு கொடுத்துவிட்டால் வழக்கு ஆரம்பித்துவிட்டது என்று நினைக்கிறோம். தோட்ட நாளிலிருந்து வந்த பழக்கம். துரைக்கு மனு, சங்கத்துக்கு மனு, இப்போது ஒய்பிக்கு மனு. மனு கொடுத்தால் கடிகாரம் நிற்காது. ஒய்பி வந்தாலும் நிற்காது, ஆட்சிக்குழு உறுப்பினர் வந்தாலும் நிற்காது, கோவில் தலைவர் சமாதானம் பேசினாலும் நிற்காது. கம்பெனிக்காரர் ‘அடுத்த மாதம் அள்ளிவிடுகிறேன்’ என்று கையைப் பிடித்துச் சொன்னாலும் நிற்காது. நீதிமன்றப் பதிவகத்தில் வழக்குத் தாக்கலாகி முத்திரை விழுந்த நாள்தான் கணக்கு.

மனுவால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதிகாரிக்கு எப்போது தெரியும் என்பதற்கு அதுதான் சாட்சி. ஆனால் அதே தாளை எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் முகத்துக்கு நேரே நீட்டி, ‘அப்போதே உமக்குத் தெரிந்திருக்கிறதே, இவ்வளவு நாள் எங்கே போனீர்?’ என்றும் கேட்பார். முதல் மனு கொடுத்து 24 மாதம் ஆகிவிட்டது என்றால் நகராண்மைக் கழகத்தின் மீது வழக்குப் போட உங்களுக்கு மிச்சம் இருப்பது 12 மாதம். அதுவும் மனு கொடுப்பதற்கு முன் எவ்வளவு காலம் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள் என்பதைக் கழித்துவிட்டு.

● கொட்டுவது நின்றபாடில்லை. வாரா வாரம் நடக்கிறது. அப்போதும் முதல் நாளிலிருந்தா எண்ண வேண்டும்? (அவரே)

நல்ல கேள்வி. பாதிப்பு தொடர்ந்துகொண்டே இருந்தால், அது நின்ற நாளிலிருந்து 36 மாதம் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஒவ்வொரு லோரியும் ஒரு புதுத் தப்பு என்றும் வாதாடலாம். ஆனால் ‘தொடர்கிறது’ என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். கொட்டியது ஒரே நாள், கறுப்புத் தண்ணீர் கசிவது மட்டும் பல வருஷம் என்றால், எது தொடர்கிறது என்று வக்கீல்கள் இரண்டு பேர் அரை நாள் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையில் ஜெயிக்கலாம் என்று நம்பி வீட்டில் உட்காராதீர்கள்.

● ‘இங்கே குப்பை கொட்டாதீர்’ என்ற பலகைக்கு நேர் கீழேயே கொட்டுகிறார்களே? (வாசகர், மெங்லெம்பு)

இருட்டில் இடம் தேட வேண்டாம் அல்லவா!

● டிரம்களை 10 வருஷத்துக்கு முன்பே புதைத்துவிட்டார்களாம். கிணற்றுத் தண்ணீர் நாறிய பிறகுதான் எங்களுக்குத் தெரியும். 6 வருஷம் போய்விட்டதே? (வாசகர், பத்து காஜா)

நம் நாட்டுச் சட்டத்தில் என்னை உறுத்துகிற இடம் இது. கடிகாரம் பொதுவாக உங்களுக்குத் தெரிந்த நாளில் ஓட ஆரம்பிப்பதில்லை, பாதிப்பு நேர்ந்த நாளிலேயே ஆரம்பித்துவிடும். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தாலும் ஓடும். 2018-ல் காலவரம்புச் சட்டத்தைத் திருத்தி 6அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அலட்சியத்தால் வந்த சேதம் பின்னால்தான் தெரியவந்தது என்றால், தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு கிடைக்கும். மொத்தத்தில் 15 ஆண்டைத் தாண்டக் கூடாது. கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் வந்த நஷ்டத்துக்கு இதைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஆனால் அதே பிரிவில் ஒரு வரி இருக்கிறது: உடலுக்கு வந்த பாதிப்புக்கு இது பொருந்தாது. அதாவது, சுவர் விரிசல் விட்டதைத் தாமதமாகக் கண்டுபிடித்தவருக்குச் சலுகை உண்டு. நுரையீரல் கெட்டதைத் தாமதமாகக் கண்டுபிடித்தவருக்கு இல்லை. ரசாயனம் முதலில் சுவரைத்தான் தேடிப் போகும் என்று நினைத்தார்களோ என்னவோ.

இன்னொரு வழியும் உண்டு. வேண்டுமென்றே மோசடியாக மறைத்தார்கள் என்று காட்ட முடிந்தால், அது வெளிப்பட்ட நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்கிறது 29-ஆம் பிரிவு. ராத்திரியில் குழி தோண்டிப் புதைத்து மேலே செம்பனைக் கன்று நட்டது மறைப்புதானே என்று வாதாட உங்கள் வக்கீலுக்கு இடம் இருக்கிறது.

● கொட்டினவனுக்கும் இப்படிக் காலக்கெடு உண்டா? சில வருஷம் ஒளிந்திருந்தால் தப்பித்துவிடலாமா? (வாசகி, தஞ்சோங் ரம்புத்தான்)

குற்ற வழக்குக்கு நம் நாட்டில் பொதுவான காலவரம்பு கிடையாது. 10 வருஷம் கழித்தும் குற்றம் சாட்டலாம். சாட்டுவார்களா என்பது வேறு விஷயம். 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் வழக்குத் தொடுக்க அரசுத் தரப்பு வழக்கறிஞரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். அதற்குக் கோப்பு வேண்டும், கோப்புக்குள் மாதிரி வேண்டும், மாதிரிக்கு ரசாயன ஆய்வு அறிக்கை வேண்டும். மழை பெய்தால் மாதிரி ஓடையோடு போய்விடும். மழை பெய்யாத ஈப்போவை யார் பார்த்திருக்கிறார்கள்?

அபராதத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. 2024-ல் அந்தச் சட்டத்தைத் திருத்திய பிறகு உச்ச அபராதம் 1 கோடி ரிங்கிட். நச்சுக் கழிவு கொட்டியவருக்குச் சிறையும் உண்டு.

● நான் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். கார், மோட்டார் எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பெண்ணெயைப் பின்னால் டிரம்மில் நிரப்பி வைத்திருக்கிறேன். நானும் குற்றவாளியா? (ஃபோர்மேன், ஜெலப்பாங்)

இன்னும் இல்லை. ஆனால் உங்களுக்கும் கடிகாரம் ஓடுகிறது, தெரியுமா? அந்த எண்ணெய்க்குச் சட்டத்தில் எண்ணே இருக்கிறது: எஸ்டபிள்யூ 305. 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி, இப்படிப்பட்ட கழிவு உண்டாகி 30 நாளுக்குள் சுற்றுச்சூழல் துறைக்கு அறிவிக்க வேண்டும். 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அந்த நாளுக்குள்ளும் 20 டன்னைத் தாண்டக் கூடாது. எவ்வளவு உண்டானது, எங்கே போனது என்ற கணக்கை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். டிரம் மேல் உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண், கழிவு முதலில் உண்டான தேதி எல்லாம் எழுதியிருக்க வேண்டும்.

‘ஒரு டிரம்முக்கு 20 வெள்ளி கொடு, நான் கொண்டுபோய் விடுகிறேன்’ என்று ஒரு லோரிக்காரர் வருவார். உரிமம் எங்கே, ஒப்படைப்புச் சீட்டு எங்கே என்று கேளுங்கள். சிரித்தாரென்றால் அவர் கொண்டுபோகும் இடம் எங்காவது ஒரு பழைய தோட்டத்து மண் சாலையின் முடிவில் இருக்கும்.

சுங்கை சிப்புட் அம்மாவும் இதைப் படித்துக்கொள்ளுங்கள். டிரம் மேல் சட்டப்படி இருக்க வேண்டிய அந்த லேபிளைத்தான் முதலில் சுரண்டி எடுத்துவிடுவார்கள். ஆனாலும் அவசரத்தில் ஒன்றிரண்டு டிரம்மில் பாதி விட்டுப்போகும். மூடியில், பக்கவாட்டில், அடி விளிம்பில் ஒரு எண்ணோ ஒரு கம்பெனி எழுத்தோ மிஞ்சியிருக்கும். தள்ளி நின்று பெரிதாக்கிப் படம் எடுங்கள். கிட்டப் போகாதீர்கள், உருட்டாதீர்கள், ‘என்ன வாடை இது’ என்று முகர்ந்து பார்க்கவே பார்க்காதீர்கள்.

● எடுத்த படத்தை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டாகிவிட்டது. சாட்சி தயார்தானே? (வாசகர், கோப்பேங்)

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படத்துக்குள் இருந்த தேதியும் இடமும் உதிர்ந்துவிடும்; 200 பேருக்குக் காலை வணக்கப் படங்களோடு சேர்ந்து அதுவும் ஒரு படம். எடுத்த போனில் அசல் கோப்பு அப்படியே இருக்கட்டும். எடுத்தவர் யார் என்பதும் தெரிய வேண்டும், ஏனென்றால் கூண்டில் ஏற வேண்டியவர் அவர். படம் எடுத்த தைரியசாலி கூண்டு என்றதும் மாமியார் ஊருக்குக் கிளம்பிவிடுவார், பாருங்கள்.

● புக்கிட் மேரா வழக்கில் நம் மக்கள் ஜெயித்தார்களா, தோற்றார்களா? அப்பா ஒன்று சொல்கிறார், சித்தப்பா ஒன்று சொல்கிறார். (கல்லூரி மாணவி, லகாட்)

இரண்டு பேர் சொல்வதும் சரி. சண்டை போட வேண்டாம் என்று சொல்லு.

ஈய லம்பத்தில் மிஞ்சும் அமாங்கில் மோனசைட் என்று ஒரு தாது உண்டு. அதிலிருந்து அரிய உலோகங்களைப் பிரிக்க ஏசியன் ரேர் எர்த் என்ற தொழிற்சாலை 1982-ல் புக்கிட் மேராவில் வேலையைத் தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி காசேக்கு அதில் 35 விழுக்காடு. பிரித்த பிறகு மிஞ்சும் சக்கையில் தோரியம் இருக்கும், கதிரியக்கம் உள்ளது. அதை எங்கே போடுவது? பாப்பானில் குழி வெட்டினார்கள். 1984-ல் பாப்பான் மக்கள் தெருவில் இறங்கினார்கள், சாலையை மறித்தார்கள். கடைசியில் கிடங்கை கிளெடாங் மலைப் பக்கம் மாற்றுவதாக அரசாங்கம் அறிவித்தது.

1985 பிப்ரவரி 1-ஆம் தேதி புக்கிட் மேரா வட்டாரத்து மக்கள் 8 பேர், ஊருக்காகவும் சேர்த்து, ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அக்டோபர் 14-ல் நீதிபதி அனுவார் ஜைனல் அபிடின் இடைக்காலத் தடை கொடுத்தார். அதுவரை நம் பக்கம் நல்ல வேகம். அதன் பிறகு பார். முழு விசாரணை தொடங்கியது 1987 செப்டம்பரில். அதற்குள் அணுசக்தி உரிம வாரியத்தின் உரிமத்தோடு பிப்ரவரியிலேயே தொழிற்சாலை மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. விசாரணை தொடங்கி ஒரு மாதம் கழிந்தது. ஓப்ராசி லாலாங் கைது வேட்டை வந்தது. எதிர்ப்புக் குழுவின் தலைவர்களும், மக்களுக்காக வாதாடிய வக்கீல்களில் ஒருவரான மீனாட்சி ராமனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போனார்கள். வழக்குத் தாக்கல் செய்யும் கெடுவைத் தவறவிட்டால் எதிராளிக்கு லாபம் என்பது தெரிந்ததுதான். வக்கீலையே தவறவிட்டால் என்ன ஆகும் என்று எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை.

விசாரணை 1990 பிப்ரவரியில் முடிந்தது. தீர்ப்பு வந்தது 1992 ஜூலை 11-ல். ஏறக்குறைய 29 மாதம்! அரசாங்கத்தின் மீது வழக்குப் போட நமக்குக் கொடுத்திருக்கிற மொத்த அவகாசமே 36 மாதம் என்பதை நினைவில் வைத்துக்கொள். தீர்ப்பு என்னவோ நம் பக்கம்தான். 14 நாளில் தொழிற்சாலையை மூடு என்றார் நீதிபதி பெ சுவீ சின். 13-ஆம் நாள், ஜூலை 24-ல், எதிர்த்தரப்பு இல்லாமலே கம்பெனி உச்ச நீதிமன்றத்தில் தடை வாங்கிவிட்டது. உப்பு விற்கிறவனுக்கும் கற்பூரம் விற்கிறவனுக்கும் ஒரே கடிகாரம்தான். ஆனால் சிலருக்கு அதன் முள்ளைப் பிடித்து நிறுத்தத் தெரிகிறது.

1993 டிசம்பர் 23-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பைத் திருப்பிப் போட்டது. கம்பெனி நிபுணர்களின் சாட்சியம்தான் நம்பும்படி இருக்கிறது என்றது. மக்கள் உரிம வாரியத்திடமே முறையிட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆக, உன் சித்தப்பா சொல்வது சரி, தோற்றுவிட்டார்கள். அடுத்த மாதமே, 1994 ஜனவரியில், தொழிற்சாலையை மூடப்போவதாக கம்பெனி அறிவித்தது. அப்பா சொல்வதும் சரி. அங்கே துப்புரவு செய்ய ஆகும் செலவு 10 கோடி அமெரிக்க டாலர் என்று 2011-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. சக்கை கிளெடாங் மலையில் இருக்கிறது. தோரியத்துக்குக் காலவரம்புச் சட்டம் பொருந்தாது; அதன் பாதி ஆயுள் 1,400 கோடி ஆண்டு.

● பாப்பான் என்றதும் எனக்கு சிபில் கார்த்திகேசு ஞாபகம்தான் வருகிறது. (வாசகி, ஈப்போ)

வரட்டும். மெயின் ரோடு 74-ஆம் எண் வீட்டில் ஜப்பான்காரனுக்குத் தெரியாமல் போராளிகளுக்கு மருந்து போட்டவர். அவர் ஊர்க்காரர்கள் ஜப்பான் பங்கு வைத்த கம்பெனியின் குழிக்கு முன்னால் உட்கார்ந்தது அவர் இறந்து 36 வருஷத்துக்குப் பிறகு.

● ஜொகூரில் இருக்கும் மருமகன், அங்கே குப்பை கொட்டினால் எஸ்டபிள்யூ கோர்ப் வந்து பிடிக்கும் என்கிறார். இங்கே ஏன் வரவில்லை? (வாசகர், கம்பார்)

எஸ்டபிள்யூ கோர்ப் அமலாக்கும் 2007-ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தை பேரா ஏற்றுக்கொள்ளவில்லை. சிலாங்கூரும் பினாங்கும்கூட அப்படித்தான். இங்கே 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், அப்புறம் அந்தந்த ஊராட்சி மன்றத்தின் துணைவிதிகள். அதனால் என்ன ஆகிறது? வீட்டுக் குப்பையா, மன்றம். நச்சுக் கழிவா, ஜாஸ் என்கிற சுற்றுச்சூழல் துறை. அரசு நிலமா, நில அலுவலகம். ஆற்றோரமா, வடிகால் நீர்ப்பாசனத் துறை. ஒரே குவியலில் நான்கும் கிடந்தால்? மன்றத்துக்குப் போனால் ‘அது ஜாஸ் வேலை’ என்பார்கள், ஜாஸுக்குப் போனால் ‘முதலில் நில அலுவலகத்தில் கேளுங்கள்’ என்பார்கள். ஒவ்வொரு கவுண்டருக்கும் ஒரு மாதம் என்று வைத்தால், சீராய்வின் 3 மாதம் மூன்றாவது கவுண்டரில் முடிந்துவிடும். நான்கு பேருக்கும் ஒரே நாளில், ஒரே கடிதத்தை, நான்கு பெயரையும் மேலே போட்டு அனுப்புங்கள். மற்றவருக்கும் போயிருக்கிறது என்று தெரிந்தால் ஒருவராவது எழுந்து வருவார்.

● நிலம் என் பெயரில். நான் கோலாலம்பூரில் இருக்கிறேன். கொட்டியது யாரோ. நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? (பெயர் வேண்டாம் என்கிறார்)

கொட்டுவது மட்டுமல்ல, கொட்ட இடம் கொடுப்பதும் குற்றம் என்கிறது சுற்றுச்சூழல் தரச் சட்டம். தெரியாது என்பது முதல் தடவைக்குச் சரி. விவசாயம் என்று பட்டாவில் எழுதியிருக்கும் நிலத்தில் குப்பை மேடு எழும்பினால், நிபந்தனையை மீறியதற்காக நிலத்தையே பறிக்கவும் தேசிய நிலச் சட்டத்தில் வழி உண்டு. வாசலில் சங்கிலி போட்டு ஒரு ஜாகாவை வைத்தேன் என்பீர்கள். அந்த ஜாகாவுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, ஒரு லோரியை உள்ளே விட எவ்வளவு கிடைக்கிறது என்று விசாரித்தீர்களா? முதலில் போலீசில் புகார் செய்து வையுங்கள். தேதியுடன்.

● நான் லோரி ஓட்டுநர். கொண்டுபோய் இறக்கு என்றார்கள், இறக்கினேன். என் தலையில் ஏன்? (வாசகர், ஈப்போ)

எண்ணெய்க்காக எள் காய்கிறது, நீங்கள் எதற்காகக் காய்கிறீர்கள், தம்பி? 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் ரசாயனம் கொட்டி 111 பள்ளிகளை மூடினார்களே, அந்த வழக்கில் கம்பெனி இயக்குநர்களோடு ஒரு லோரி ஓட்டுநரும் குற்றம் சாட்டப்பட்டார். ‘முதலாளி சொன்னார்’ என்பதை எழுத்தில் வாங்கியிருக்கிறீர்களா? இருக்காது. இன்று பார்த்ததை இன்றே போய்ச் சொல்கிற ஓட்டுநர் சாட்சியாகலாம். பிடிபட்ட பிறகு சொல்கிறவர் எதிரியாகத்தான் நிற்பார்.

● கொம்பவுன் கட்டிவிட்டேன், விஷயம் முடிந்தது என்று கம்பெனிக்காரர் மீசையை முறுக்குகிறார். (வாசகி, சிம்மோர்)

அவருக்கும் அரசாங்கத்துக்கும் இடையே முடிந்தது. உங்கள் கிணற்றுக்கும் அவருக்கும் இடையே முடியவில்லை. அவர் கட்டிய பணம் கஜானாவுக்குப் போயிற்று, உங்களுக்கு ஒரு காசு வரவில்லை. நஷ்டஈட்டு வழக்கின் 6 ஆண்டு அப்படியே இருக்கிறது. மீசை எவ்வளவு நேரம் முறுக்கியபடி நிற்கும் என்று பார்ப்போம்.

● இந்தியாவில் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறதே, அங்கே எல்லாம் சுலபமா? (வாசகர், பாகான் சிராய்)

வேகம், சில சமயம். 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவை திருநெல்வேலிப் பக்கம் நடுக்கல்லூர் வட்டாரத்தில் கொட்டிவிட்டுப் போனார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கேரளத்தையே அள்ளச் சொன்னது. 22-ஆம் தேதி அங்கிருந்து லோரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின. கொட்டியவனே திரும்ப வந்து அள்ளும் காட்சியை நம் ஊரில் பார்க்க எனக்கும் ஆசை.

காலக்கெடுவில் அவர்களும் கறார். 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சுற்றுச்சூழல் தகராறு என்றால் காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம். நஷ்டஈடு என்றால் 5 ஆண்டு. காரணம் காட்டினால் 60 நாள் கூடுதல், அதற்கு மேல் இல்லை. இலங்கையில் அடிப்படை உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போவதென்றால் ஒரே ஒரு மாதம். அதைப் பார்த்தால் நம்முடைய 3 மாதம் சீர்வரிசை மாதிரித் தெரியும்.

நம்மிடமும் 2012-லிருந்து சுற்றுச்சூழல் நீதிமன்றங்கள் உண்டு. அதே செஷன்ஸ் நீதிமன்றம், அதே மாஜிஸ்திரேட், கதவில் கூடுதலாக ஒரு பெயர்.

● கடைசி நாள் தைப்பூசத்தன்று விழுந்தால்? (வாசகர், சுங்கை சிப்புட்)

சட்டத்தில் குறித்த கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளில் செய்யலாம் என்று பொருள்கோள் சட்டம் சொல்கிறது. பேராவில் தைப்பூசம் விடுமுறைதான். ஆனால் கடைசி நாள்வரை காவடியை இறக்காமல் இருப்பவருக்கு முருகன் ஒரு நாள்தான் தருவான். மின்தாக்கல் வந்த பிறகு ‘கதவு மூடியிருந்தது’ என்பதும் எடுபடுமா என்று சந்தேகம். ஒரு மாதம் மிச்சம் வைத்துப் போங்கள்.

● பிள்ளைக்கு 7 வயது. தோல் நோய் வந்துவிட்டது. அவன் பெரியவனான பிறகு வழக்குப் போடலாமா? (தாய், பத்து காஜா)

தனியார் மீது என்றால், 18 வயது ஆன பிறகு 6 ஆண்டுவரை அவனுக்கு உரிமை உண்டு. ஆனால் அரசுத் தரப்பின் மீதான 36 மாதத்தில் இந்தச் சலுகை கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். அவன் சார்பில் நீங்களே இப்போது போடலாம். டாக்டரிடம் முதலில் காட்டிய நாளின் சீட்டைத் தேடி எடுங்கள். கிளினிக்குகள் பழைய அட்டைகளை ரொம்ப வருஷம் வைத்திருப்பதில்லை.

● தோற்றுவிட்டால் மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள்? (வாசகர், புசிங்)

செஷன்ஸ் நீதிமன்றத்திலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு 14 நாள். உயர் நீதிமன்றம் தீர்த்த உரிமையியல் வழக்கில் முறையீட்டு நீதிமன்றத்துக்கு 30 நாள். தோற்ற துக்கத்தை ஒரு வாரத்துக்கு மேல் கொண்டாடாதீர்கள்.

● வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை. நாளைக் காலையில் நாங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று சொல்லுங்கள். (தோட்டத்து முன்னாள் தொழிலாளர்கள் சிலர் சேர்ந்து எழுதியது, சுங்கை சிப்புட்)

ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்குங்கள். லோரி வந்த ஒவ்வொரு தேதி, நேரம், தெரிந்தால் பதிவு எண், பார்த்தவர் பெயர், அவர் கையெழுத்து. கொடுத்த மனு, வாங்கிய ரசீது எல்லாம் அதற்குள் ஒட்டுங்கள். பேரா வழக்கறிஞர் மன்றத்துக்கு ஈப்போவில் சட்ட உதவி மையம் இருக்கிறது. புக்கிட் மேரா மக்களின் பக்கம் நின்ற பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் இன்றுவரை இப்படிப்பட்ட புகார்களைக் கேட்கிறது. அந்த நோட்டோடு அவர்களில் ஒருவரைப் போய்ப் பாருங்கள். எந்த வக்கீலும் உங்களிடம் முதலில் கேட்கப்போவது தேதியைத்தான். போவது இந்த மாதத்துக்குள் இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் டிரம்கள் எத்தனை, வாடை எப்படி, யார் யார் வந்து பார்த்தார்கள் என்றெல்லாம் மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். முதல் லோரி எந்த நாளில் வந்தது என்று மட்டும் எழுதவில்லை. அதை விசாரித்து, இன்றே எழுதி வையுங்கள்.